பள்ளை ஆடு வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஆடுகளை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. அடைமழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. சரி, ஆட்டுக்கு வருவோம்.

இந்த ஆண்டு நம்மிடையே அதிகம் அடிபட்டது கிடா விவகாரம். குட்டை இனமான நம் பள்ளைக்குப் பெரிய இனமான தலைச்சேரிக் கிடாவோ சமுனாபாரிக் கிடாவோ சேர்த்தால் பாலும் கூடும், குட்டியும் எடை நிற்கும் என்று சிலர் சேர்த்துப் பார்த்தார்கள். ஆனால் குட்டி பெரிதாகிவிட, தலையீத்துப் பெட்டைகள் (முதன்முறை ஈனுபவை) ஈன முடியாமல் திணறின. ஒரு வீட்டில் விடியும்வரை முக்கியும் தலை வரவில்லை. கால்நடை மருத்துவர் வந்து மடங்கிக் கிடந்த முன்னங்காலை நிமிர்த்தி இழுத்தார். தாய் பிழைத்தது, குட்டி போய்விட்டது. அமெரிக்காவில் பாலுக்காகவே குட்டை ஆடுகளை உருவாக்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சானன், நூபியன் போன்ற பெரிய பால் இனப் பெட்டைக்கு நைஜீரியக் குள்ள இனக் கிடாவைச் சேர்க்கிறார்கள். ஆகவே பள்ளைப் பெட்டைக்குப் பள்ளைக் கிடாதான் என்பது செயற்குழுவின் முடிவு.

ஆனால் எந்தப் பள்ளைக் கிடா? கொழுத்த குட்டியெல்லாம் பக்ரீத்துக்கும் கோயில் நேர்த்திக்கடனுக்கும் விலையாகிவிடுகிறது. வியாபாரி வேண்டாமென்று விட்டுப்போன சவலைதான் கடைசியில் தெருவுக்கே கிடாவாகிறது. அதே கிடா 2 வருடத்துக்கு மேல் நின்றால் தன் மகளையே சேரும். அப்புறம் பால் இல்லை, குட்டி தேறவில்லை என்று சங்கத்தில் வந்து புலம்பிப் பயனில்லை. நன்றாகக் கறக்கும் தாயின் ஆண்குட்டியைத்தான் கிடாவுக்கு நிறுத்த வேண்டும். அது எந்தத் தாய் என்று தெரிய அளந்தாக வேண்டும். இரவில் குட்டியைப் பிரித்துப் பஞ்சாரக் கூடையால் மூடிவிட்டு, காலையில் கறந்ததை உழக்கில் பார்த்து, நாள்காட்டியில் தேதிக்கு நேரே எழுதினால் போதும். நம் உறுப்பினர் வீட்டு அம்மா ஒருவர் அடுப்பு மூட்டும் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டே கணக்கு வைத்திருக்கிறார். எந்த ஆடு ஏமாற்றுகிறது என்று பட்டென்று சொல்லுவார்.

சினைக் காலம் 5 மாதம். ஆனியில் சேர்ந்தால் கார்த்திகைக் குளிரிலும் ஈரத்திலும் குட்டி விழும்; சளி பிடித்துப் பாதி தேறாது. ஆவணி, புரட்டாசியில் சேர்ந்தால் தை, மாசியில் ஈனும். அடுத்து உளுந்து, பயறு அறுப்பில் கொடியும் பொட்டும் (காயின் தோல்) தீனிக்குக் கிடைக்கும், பால் குறையாமல் நிற்கும். ஆவணி வரும்வரை பெட்டையோடு சேராமலிருக்கக் கிடாவின் வயிற்றில் சாக்குத் துண்டைக் கட்டி விடுவதுதான் பழைய ஆட்கள் வழி, இன்றும் அது போதும். கிடாவைக் கறக்கும் இடத்திலிருந்து தள்ளியே கட்டுங்கள். பாலில் அதன் வீச்சம் ஏறிவிட்டால் எந்த வீட்டிலும் வாங்க மாட்டார்கள். பாலைக் காய்ச்சாமல் யாருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கொடுக்க வேண்டாம்.

தாடை வீங்கி ஆடுகள் செத்ததாக இந்த ஆண்டும் செய்தி வந்தது. நம் பக்கத்து வயலிலும் வாய்க்கால் கரையிலும் நத்தை உண்டு; கல்லீரல் புழு அதன் வழியாகத்தான் வருகிறது. ஈர வரப்பில் மேய்க்காதீர்கள், பனி காய்ந்த பிறகே அவிழ்த்து விடுங்கள். எல்லாக் குடற்புழு மருந்தும் இந்தப் புழுவுக்குக் கேட்காது. கடைக்காரர் கொடுப்பதை வாங்கி ஊற்றுவதைவிட, கொஞ்சம் புழுக்கையை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிவிட்டு மருந்து வாங்குவது நல்லது.

கிடா மாற்றிக்கொள்வதை ஆடி முடிவதற்குள் ஊருக்கு ஊர் நடத்த உத்தேசம். விருப்பமுள்ளவர்கள் கிடாவின் வயதையும் அதன் தாய் கறந்த அளவையும் எழுதிக் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்