காரையைச் சுரண்டும் முன் சுவரைப் படிக்க விடுங்கள்: பிரான்சின் ஊர் மேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர்களுக்கும் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

1905-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்ததன் விளைவாக, இன்று கதீட்ரல்கள் பெரும்பாலும் அரசின் சொத்து. அப்போதே இருந்த ஊர்த் தேவாலயங்கள் அந்தந்த ஊரின் சொத்து. கூரை ஒழுகினாலும் சுவரில் கல் உதிர்ந்தாலும் பழுதுவேலைக்குக் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். அந்தக் கையெழுத்துக்கு முன் ஒன்று கேட்கிறோம். சாரம் கட்டி முடிந்ததும், கொத்தனார் உளியை எடுப்பதற்கு முன், சுவரின் எந்தப் பகுதி முதலில் எழுந்தது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பார்த்துப் பதிவு செய்ய ஆள் அனுப்புங்கள்.

"12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்" என்று வாசலில் பலகை இருக்கலாம். ஒரே நூற்றாண்டில் தொடங்கி முடிந்து, பிறகு யார் கையும் படாமல் நிற்கும் இடைக்காலத் தேவாலயம் மிக அரிது. ஷார்த்ர் கதீட்ரலின் மேற்கு முகப்பையே பாருங்கள். வடக்குக் கோபுரம் 1134 தீ விபத்துக்குப் பின் தொடங்கியது. நடுவிலுள்ள அரச வாயில் 1145-ஐ ஒட்டியது. 1194-இல் தேவாலயம் எரிந்தபோது அது தப்பியது. அதற்கு மேலே உள்ள வட்டச் சாளரம் 13-ஆம் நூற்றாண்டு. வடக்குக் கோபுரத்தின் கல் கூம்போ 1506-இல் இடி விழுந்த பிறகு ஜெஹான் த போஸ் கட்டியது, 1513-இல் முடிந்தது. வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவரின் ஒரே பார்வையில் ஏறக்குறைய நானூறு ஆண்டு நிற்கிறது.

"ஆவணத்தில் தேதி இருக்கிறதே, அது போதாதா?" என்று மன்றக் கூட்டத்தில் கேட்பார்கள். ஆவணத்தைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஷார்த்ரில் குருக்கள் பாடகர் பகுதியில், அதாவது பீடத்தை ஒட்டி அவர்கள் வழிபாடு பாடும் இடத்தில், அமர்ந்துவிட்டது 1221 தொடக்கத்தில். அர்ப்பணிப்பு விழா நடந்தது 1260 அக்டோபரில். விழாத் தேதியைக் கட்டி முடித்த தேதி என்று எடுத்தால் நாற்பது ஆண்டு பிசகும். பாரிஸ் நோத்ர்-தாமில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1182-இல் பலிபீடம் அர்ப்பணிக்கப்பட்டபோது மேற்கு முகப்பு தொடங்கப்படவே இல்லை. ஆண்டுக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. அதே நோத்ர்-தாமின் தெற்குச் சிலுவைக்கையில் (சிலுவை வடிவக் கட்டடத்தின் குறுக்குப் பகுதி) தலைமைக் கொத்தனார் ஜான் த ஷெல் தொடங்கிய வேலைக்கான கல்வெட்டு 1257 பிப்ரவரி என்கிறது. அன்றைய பாரிசில் புத்தாண்டு ஈஸ்டரில் பிறந்தது. ஆகவே நம் கணக்கில் அது 1258.

கிழக்கே பீடப்பகுதியில் தொடங்கி மேற்கு நோக்கி வந்திருப்பார்கள் என்ற எளிய ஊகமும் எல்லா இடத்திலும் நிற்காது. பாரிசுக்கு வடக்கே சான்-தெனி மடத்துத் தேவாலயத்தில் மடாதிபதி சுஜே முதலில் மேற்குப் பகுதியைக் கட்டி 1140-இல் அர்ப்பணித்தார். பிறகுதான் கிழக்கே போய்ப் பாடகர் பகுதியை எழுப்பினார். அது 1144-இல் முடிந்தது. இரண்டுக்கும் நடுவே கரோலிங்கியன் அரசமரபுக் காலத்துப் பழைய கூடம் அப்படியே நின்றது. அதைப் பெரிய அளவில் மாற்றத் தொடங்கியது 1231-இல்.

இனிச் சுவருக்கு வருவோம். பார்ப்பவர் முதலில் தேடுவது செங்குத்துக் கோடு. ஒழுங்காகக் கட்டிய சுவரில் மேல் கல் கீழே உள்ள இணைப்பை மூடி நிற்கும். நாலைந்து வரிசைக்கு இணைப்பு நேராகக் கீழிறங்கினால், அங்கே ஒரு சுவர் முடிந்து இன்னொன்று வந்து ஒட்டியிருக்கிறது. பிரெஞ்சுக் கொத்தனார்கள் இதை வாள்வெட்டு என்பார்கள். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் ஒழுங்கான மூலைக்கற்கள் இருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் முந்தியது. பிந்தியது அதன்மேல் சாய்ந்து நிற்கும், மூலைக்கல் அதற்குத் தேவைப்பட்டிருக்காது. இதற்கு எதிரானது காத்திருக்கும் கற்கள். அடுத்த ஆள் வந்து தொடர்வான் என்று, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நீட்டி விட்ட பற்கள் அவை. அந்தப் பற்களில் புதுச்சுவர் சரியாகப் பொருந்தியிருந்தால் திட்டம் மாறவில்லை. புது வரிசையின் உயரம் ஒத்துவராமல், இடுக்கில் சிறு கல்லும் ஓட்டுத்துண்டும் செருகியிருந்தால் இடையில் காலமோ, ஆளோ, கற்சுரங்கமோ மாறியிருக்கிறது.

அடுத்தது சாரத்துளைகள். சாரத்தின் குறுக்குக்கட்டையைச் சொருக விட்ட சதுர ஓட்டைகள் ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர இடைவெளியில் கிடைவரிசையாக வரும். வாள்வெட்டுக்கு இருபுறமும் அவை ஒரே மட்டத்தில் ஓடினால், இரண்டு பகுதியையும் ஒரே சாரத்தில் நின்று கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மட்டம் தவறினால் வேறு வேறு சாரம், வேறு வேறு வேலை. துளைக்குள் கையை விட்டால் சில வேளை அன்றைய கட்டையின் நுனியே தட்டுப்படும். காலம் சொல்ல அதைவிட நேரான சாட்சி சுவரில் கிடைக்காது. பழுதுவேலையில் முதலில் அடைபடுவதும் அதே துளைதான்! புறா அடைகிறது என்று சிமெண்டை வைத்து மெழுகிவிடுகிறார்கள்.

கிடைக்கோடுகளில் நிதானம் வேண்டும். சுண்ணாம்புச் சாந்து உறைபனியில் கெட்டுவிடும் என்பதால் குளிர்காலத்தில் வேலையை நிறுத்தி, சுவரின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடி வைப்பார்கள். வசந்தத்தில் ஒரு வரிசை மட்டப்படுத்திவிட்டு மேலே தொடர்வார்கள். இப்படி வரும் பருவக் கோட்டைக் கட்டுமானக் கட்டம் என்று எண்ணினால், பத்தாண்டில் எழுந்த சுவருக்குப் பத்துக் கட்டம் எழுதவேண்டி வரும். சாந்து, கல்லின் உயரம், உளித்தடம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது சேர்ந்து மாறினால்தான் அது புதிய கட்டம் என்று நாங்கள் எழுதுவோம்.

உளித்தடம் பார்க்கச் சாய்வெளிச்சம் தேவை. மாலை வெயிலோ, சுவரை ஒட்டிப் பிடித்த கைவிளக்கோ போதும். நேர்வாய்க் கோடாலியின் கொத்து, கல்லின் முகத்தில் சாய்வான நீண்ட கோடுகளாகத் தெரியும். பல் வைத்த கருவி, சீப்பால் வாரியதுபோல் குட்டிக் குட்டிக் கோடுகளை விடும். வடக்குப் பிரான்சில் பல் கருவி 12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவி 13-இல் வழக்கமாகிவிட்டது. வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறும். ஆகவே தனியாக இதை வைத்துத் தேதி எழுதக்கூடாது, மற்ற சான்றுகளோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் இந்தத் தடம் முழுக்கப் போய்விடும். கல் பளிச்சென்று இருக்கும், படிக்க ஒன்றும் இருக்காது.

சாந்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் ஒப்பந்ததாரர் அள்ளிக் குப்பையில் போடுவது அதைத்தான். வெளியே தெரியும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பெரும்பாலும் பிற்காலப் பாயிண்டிங், அதாவது இணைப்பை மறுபடி அடைத்த சாந்து. கட்டும்போது வைத்த சாந்து அதற்குப் பின்னால் இருக்கிறது. மாதிரி எடுப்பவர் மேற்பூச்சைத் தாண்டி உள்ளே போய்க் கைப்பிடி அளவு எடுத்து, எடுத்த இடத்தைப் படத்தில் குறித்து, எண்ணிட்ட பையில் போட வேண்டும். உடைத்துப் பார்த்தால் மணலின் பருமனும் நிறமும், கரையாத வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியும், செங்கல் தூளும், கரித்துணுக்கும் தெரியும். இரண்டு சுவர்களில் இவை ஒத்துப்போனால் அவை ஒரே வேலையின் பகுதிகளாக இருக்கலாம். சுண்ணாம்புச் சூளையின் விறகிலிருந்து வந்த கரியைக் கதிரியக்கக் கரிமத்தால் காலம் கணிக்கலாம். ஆனால் முதிர்ந்த மரத்தின் நடுப்பகுதி எரிந்த கரி என்றால் கணிப்பு நூறு ஆண்டுகூட முன்னே போய்விடும். அதனால் சுள்ளிக் கரியாகத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.

கூரைக்குள் ஏறாமல் ஆய்வு முடிந்தது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கல் வளைகூரைக்கு மேலே உள்ள இருட்டில் சுவரின் தலை பூச்சின்றி நிற்கும். அங்கே வண்ணம் தீட்டிய பழைய காரைப்பூச்சு தென்பட்டால், அந்தக் கூடம் முதலில் மரத்தளக் கூரையோடு இருந்தது, வளைகூரை பின்னால் வந்தது என்று பொருள். கோபுரச் சுவரில் சாய்வான ஒரு வடு இருந்தால் அது முந்தைய கூரை ஒட்டியிருந்த தடம். உத்தரங்களில் ஓக் மரத்தின் வைரம் (கெட்டியான நடுமரம்) மட்டும் மிஞ்சியிருந்தால், மர வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் வளையக் கணக்கு ஓரளவுக்குத்தான் சொல்லும். வெளிறு எனும் மென்மையான வெளிமரமும், பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையமும் இருந்தால், வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். ஆகவே அரித்துப்போன ஓரத்தைச் செதுக்கித் தள்ளும் முன் மாதிரி எடுக்க வேண்டும். அந்த ஓரம்தான் வெளிறு. ஒரு கட்டத்துக்கு ஒரு மரம் போதாது, எட்டுப் பத்தாவது வேண்டும். எதிலும் சேராத வெற்றுத் துளையோடு ஒரு உத்தரம் இருந்தால் அது வேறு கூரையிலிருந்து வந்த மரம். அதன் வயதைச் சுவர் மேல் ஏற்றக்கூடாது. நோத்ர்-தாமிலேயே, 13-ஆம் நூற்றாண்டில் அமைத்த கூரைக்குள் 1160-களை ஒட்டி வெட்டிய மரங்கள் மறுபடி பயன்பட்டிருந்தன.

அந்தக் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. கல்லோடு கல்லைப் பிணைக்க உள்ளே வைத்த இரும்புக் கவ்விகள் அதற்குப் பிறகுதான் கண்ணுக்குப் பட்டன. இரும்பு உருக்கிய கரியிலிருந்து உலோகத்துக்குள் போன கரிமத்தை வைத்து அவற்றின் வயதைக் கணித்தார்கள். 1160-களில், கட்டத் தொடங்கிய காலத்திலேயே வைத்தவையும் அவற்றில் இருந்தன. பிற்காலப் பழுதுக்குப் போட்டவை என்று தள்ளிவிட முடியாமல் போனது. உங்கள் ஊரில் துருப்பிடித்த கவ்வி ஒன்றைக் கழற்ற நேர்ந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கல் தெரியட்டும் என்று உட்புறப் பூச்சை எல்லாம் உரித்துவிடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறோம். இடைக்காலத்தார் பல இடங்களில் சுவரைப் பூசி, பூச்சின்மேல் கல் இணைப்புபோலக் கோடு தீட்டினார்கள். உரித்தால் அந்தப் பூச்சும் போகும், அது எந்தச் சுவர்மேல் ஏறி எந்தச் சுவருக்கு அடியில் போனது என்ற தொடர்பும் போகும். சிமெண்ட் பாயிண்டிங்கோ கல்லையே தின்னும். லுவார் பகுதியின் தூஃபோ போன்ற மென்கல்லில் ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லின் முகத்துக்கு வரும், உப்பு பூக்கும், கல் பொரிந்து உதிரும், சிமெண்ட் மட்டும் சட்டம்போல் துருத்திக்கொண்டு நிற்கும். ஈரத்துக்கு மருந்து என்று சுவரை ஒட்டிச் சுற்றிலும் வடிகால் பள்ளம் வெட்டுவதும் அப்படித்தான். அடித்தளத்தின் கட்டக் கோடுகளும் கல்லறைகளும் ஒரே நாளில் இயந்திரத்தின் வாயில் போய்விடுகின்றன. மண்ணைத் தொடும் முன் வட்டாரத் தொல்லியல் பிரிவுக்கு எழுதுங்கள்.

டெண்டரில் சேர்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். சாரம் எழுந்தபின், சுரண்டல் தொடங்கும் முன், பதிவுக்கென்று நாள் ஒதுக்கி அதை அட்டவணையில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் தாமதக் கட்டணம் கேட்பார். ஒவ்வொரு முகத்துக்கும் 1:20 அளவில், கல்லுக்குக் கல் தெரியும் படம் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று எழுபது எண்பது சதவீதம் படியும்படி நிழற்படம் எடுத்தால் கணினி அதைக் கோத்துத் தரும். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் எண் கொடுத்து, எது எதற்கு முந்தியது என்ற உறவை அட்டவணையாக வரையச் சொல்லுங்கள். பூச்சை எடுத்தே ஆகவேண்டும் என்றால், வாள்வெட்டுள்ள மூலையில் கொஞ்சம் இடத்தைத் தொடாமல் விடுங்கள். சாந்துப் பைகளையும் மர மாதிரிகளையும் படங்களின் ஒரு படியையும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தேவாலயத்தில் நடந்த பழுதுவேலைக் கணக்குகள் பெரும்பாலும் அதே காப்பகத்தில் ஓ (O), வே (V) என்று எழுத்துக் குறியிட்ட தொகுதிகளில் இருக்கும். சாரம் ஏறும் முன் அவற்றை எடுத்துப் பாருங்கள். பழையது என்று நாம் படம் எடுத்து வைக்கும் மூலைக்கல் 1860-இல் மாற்றியதாகக்கூட இருக்கலாம்.

சாரம் உங்கள் சுவரில் அடுத்து ஏற இன்னும் இரண்டு மூன்று தலைமுறை ஆகலாம். இப்போது நிற்கும் சாரத்தைப் பிரிக்கும் நாளை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

இப்படிக்கு,
இடைக்காலத் தேவாலயங்களின் சுவர்களைப் பதிவு செய்வோர்