நடை நின்றுபோன பிள்ளைகளையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்

தசைச்சிதைவு நோய்க்கான மருந்து ஆய்வுகளை வகுக்கும் மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கும், வணக்கம்.

தசைகளைச் சிறுவயதிலிருந்தே படிப்படியாக வலுவிழக்கச் செய்யும் டுஷென் தசைச்சிதைவு பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். என் மகனுக்கு 13 வயது. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவின் 79 எக்ஸான்களில், அதாவது துண்டுகளில், 48 முதல் 50 வரையிலான மூன்று அவனுக்கு இல்லை. ஐந்து வயதில் தொடையில் கையூன்றி எழத் தொடங்கினான். பதினொன்றரை வயதில் நடை நின்றது.

சென்ற மாதம் ஒரு மருந்து ஆய்வுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரவு ரயிலில் அவனை அழைத்துக்கொண்டு போனோம். அந்தப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. லிப்ட் பழுது. இப்பிள்ளைகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்க முடியாது, தோள் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். என் கணவர் அவனைக் குழந்தையைப் போல இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். பாதி வழியில் நின்று, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஏறினார்.

மாடியில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "நடப்பானா அம்மா?"

இல்லை என்றேன். ஆறு நிமிட நடைச் சோதனை செய்ய முடியாதவர்களைச் சேர்க்க விதியில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதில் குறையில்லை. ஆனால் மடியில் வைத்திருந்த அவனுடைய மருத்துவக் காகிதங்களை நான் பிரிக்கவே நேரவில்லை. படியிறங்கும்போது மகன் கேட்டான்: "கையை ஏன் அம்மா அவர்கள் பார்க்கவில்லை?"

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். நடக்க முடியாத பிள்ளைகளையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்களை அளக்க முடியாவிட்டால் கைகளை அளந்து பாருங்கள்.

அவன் சாப்பிடுவதை ஒரு நாள் நீங்கள் பார்க்க வேண்டும். தட்டு மேசையில் இருந்தால் கை வாய்க்கு எட்டாது. அதனால் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வைக்கிறோம். வலது முழங்கையை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்து, இடது கையால் வலது மணிக்கட்டை மெல்லத் தள்ளி, தலையைக் குனிந்து வாயில் வாங்கிக்கொள்வான். ஓர் இட்லிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். போன வருடம் ஆடி மாதத்தில் டப்பா இல்லாமலே சாப்பிட்டான். டப்பா வந்ததற்கும், அவனே வாயைத் திறந்து என்னை ஊட்டச் சொல்லப்போகும் நாளுக்கும் நடுவில் கொஞ்ச காலம் இருக்கிறது. அந்தக் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று யாராவது பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அளவுகோல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவது, வாய்க்குக் கொண்டுபோவது, மேசையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பது என்று படிப்படியாக மதிப்பெண் இடும் கைத்திறன் அளவீடு இருக்கிறது. அமெரிக்காவில் ஹோப்-2 என்ற ஆய்வில் 10 வயதுக்கு மேற்பட்ட 20 பேரை அந்த அளவீட்டைக் கொண்டுதான் மதிப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடை இழந்தவர்கள். அதன் முடிவு 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

டிஸ்ட்ரோபின் இல்லாத தசைநார் சுருங்கி விரியும்போதெல்லாம் அதன் சவ்வு கிழிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது, நார் செத்துப்போகிறது. பழுதுபார்க்கும் செல்கள் ஓய்ந்த பிறகு அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. என் மகனின் தொடையில் அது பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். கொழுப்பாகிப்போன இடத்தில் மருந்துக்கு வேலையில்லை என்று நீங்கள் சொல்வதும் புரிகிறது. ஆனால் முன்கையில் இன்னும் தசை இருக்கிறது. மூச்சை இயக்கும் உதரவிதானத்தில் இருக்கிறது, இதயத்தில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் உயிர் போவது மூச்சாலும் இதயத்தாலும்தானே? கால் நின்றதும் கணக்கை முடித்துவிட்டால் அவற்றை எப்போது பார்ப்பீர்கள்?

என் மகனின் மரபணுக் குறைக்குப் பொருந்தும் எடெப்லிர்சென் என்ற மருந்து 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் முதன்மை ஆய்வில் இருந்தவர்கள் 12 சிறுவர்கள். சேரும்போது 12 பேரும் நடந்தவர்கள். அந்த மருந்து இவன் கைக்கு என்ன செய்யும் என்று கேட்டால், எந்த மருத்துவரிடமும் அந்த ஆய்விலிருந்து எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

ஆபத்தை நான் மறந்துவிடவில்லை. 2025-இல் மரபணுச் சிகிச்சை பெற்ற, நடை இழந்த இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தியைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய பிள்ளைகளின் உடல் மருந்தை எப்படித் தாங்கும் என்று சிறிய அளவில், கண்காணிப்போடு, முன்கூட்டியே ஆராய்வதற்கு அதுவே காரணம் இல்லையா? அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைப்பது பாதுகாப்பு ஆகாது.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2021-இல் அரிய நோய்களுக்கென்று தேசியக் கொள்கை வந்தது. அக்கொள்கையின்படி சிகிச்சைக்குக் கிடைக்கும் உதவித்தொகையின் உச்சவரம்பு 2022-இல் 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. உடல் எடைக்கு ஏற்ப அளவு கூடும் மருந்துகளுக்கு, வளர்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, அது எத்தனை நாள் வரும்? தமிழ்நாடு அரசு தரும் மாத உதவித்தொகையை நன்றியோடு வாங்குகிறோம். ஆனால் பள்ளியில் சாய்தளம் இல்லை, பஸ்ஸில் ஏற வழியில்லை, தசைச்சிதைவு நோயாளிகள் வந்துபோகும் பிரிவுக்கே படியேறித்தான் போக வேண்டியிருக்கிறது. பத்து வருடக் களைப்பு, எழுதும்போது கொஞ்சம் மேலே வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவோடு மீண்டும் கேட்கிறேன். அடுத்து எழுதப்போகும் ஆய்வு விதிகளில் நடை இழந்தவர்களுக்கென்று தனிப்பிரிவு வையுங்கள், பத்துப் பேருக்காவது. மருந்து தர முடியாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையையும் மூச்சையும் இதயத்தையும் அளந்து பதிந்து வையுங்கள். நாளை வேறொரு பிள்ளைக்கு ஆய்வு நடத்த அந்தக் கணக்கு வேண்டியிருக்கும்.

வரும் தை மாதம் அவனுக்கு 14 வயது நிறைகிறது. நீங்கள் அழைத்தால் எந்த ஊருக்கும் வருகிறோம். லிப்ட் ஓடுகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்