வாங்கலாம், ஆனால் அந்தக் கிட்டார் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிக்கு ஏறி இறங்குகிறாள்.

நீ அனுப்பிய படத்தையும் விலையையும் பார்த்தேன். போனில் "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்ததில் உனக்குக் கொஞ்சம் சடைவுதான், குரலிலேயே தெரிந்தது. நின்றபடி சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே கிட்டாருக்குள் பல வாத்தியச் சத்தம் தரும் அந்த ஜாதிக் கிட்டார் உனக்கு உதவும், வாங்கலாம். ஆனால் நீ காட்டியதை வாங்காதே.

நீ காட்டியது லைன் 6 கம்பெனியின் வேரியாக்ஸ் 500. அவர்களுடைய முதல் தலைமுறை, 2003 வாக்கில் கடைகளுக்கு வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார். கம்பிகளுக்கு அடியில், கம்பி ஆடுவதை மின்சாரமாக்கும் பிக்கப் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கும். அதில் காந்தப் பிக்கப்பே கிடையாது. நான் வேண்டாம் என்பதற்கு அந்த மொட்டைதான் காரணம். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று விளக்க, உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உன் ஸ்ட்ராட்டில், அதாவது இப்போது வாசிக்கிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செம்புக் கம்பியும்தான். எஃகுக் கம்பி அதன் மேலே ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கழுத்துப் பக்கப் பிக்கப் ஏன் உருண்டையாகப் பேசுகிறது, ப்ரிட்ஜ் பக்கம் ஏன் கீச்சென்று இருக்கிறது? கம்பி ஒன்றுதான், அதை எந்த இடத்தில் கேட்கிறோம் என்பதுதான் வேறு. ஆறு கம்பியின் சத்தமும் அந்தச் சுருளிலேயே கலந்து, ஒரே ஒயரில் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு கம்பியை மட்டும் தனியே எடுத்துத் திருத்த வழியில்லை.

வேரியாக்ஸில் வேறு கணக்கு. ப்ரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் இடத்தில் ஒரு பீசோ இருக்கிறது. நம் அடுப்பங்கரைக் கேஸ் லைட்டரில் அழுத்தினால் பொறி வருகிறதே, அதே பீசோதான். அதனால் ஆறு கம்பிக்கும் ஆறு தனித்தனி சிக்னல் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் பிராசஸர் அந்த ஆறையும் வாங்கி, "இந்தக் கம்பிக்கு அடியில், இந்தத் தூரத்தில், இப்படிப்பட்ட பிக்கப் இருந்தால் என்ன கேட்கும்? கீழே உள்கூடான மரப்பெட்டி இருந்தால் என்ன கேட்கும்?" என்று அந்தக் கணமே கணக்குப் போட்டு வெளியே அனுப்புகிறது. ஏற்கெனவே பதிவு செய்து வைத்த சத்தத்தை எடுத்து ஒலிக்கவிடுவதில்லை. உன் விரல் ஆட்டிய கம்பிதான் பேசுகிறது. அதனால் கம்பியை இழுத்து வளைத்தாலும் வழுக்கி ஏறினாலும் அது அப்படியே வரும். கிட்டாரிலிருந்து மிடி (எந்தச் சுரம் என்று மட்டும் சொல்லும் டிஜிட்டல் குறிப்பு) எடுத்து வாசிக்கும் கருவிகளில் வருகிற தடுமாற்றம் இதில் கிடையாது. நம் பாட்டுகளை வாசிக்கிறவளுக்கு இது முக்கியம்.

நாபைச் சுற்றினால் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட், லெஸ் பால், ரிக்கன்பேக்கர், கிரெட்ச், அகூஸ்டிக், பாஞ்சோ என்று 25 வாத்தியம். சட்டச் சிக்கல் வராமலிருக்க அசல் பெயர்களை வைக்காமல், லெஸ் பாலுக்கு 'லெஸ்டர்', ரிக்கன்பேக்கருக்கு 'சைம்' என்று போட்டிருப்பார்கள். சித்தார் என்று ஒன்று இருப்பதைப் பார்த்து மயங்காதே. அது 1967-இல் அமெரிக்காவில் வந்த கோரல் எலெக்ட்ரிக் சித்தாரின் நகல், நிஜ சித்தாரைத் தேடாதே. அம்மாவிடம் இந்த 25 கணக்கைச் சொன்னேன். "அப்ப ஏற்கெனவே இருக்கிறதோட சேர்த்து 26 ஆச்சா, அந்த ரூம்ல இடம் இருக்கா?" என்கிறாள்.

ஆனால் 25 சத்தத்துக்காக இதை வாங்காதே. ஒரு மாதம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பாய், பிறகு மூன்றில் நின்றுவிடுவாய். நான் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

உனக்கு நிஜமாகவே உதவப் போவது சுருதி மாற்றம். ஆறு சிக்னலும் தனித்தனியாக இருப்பதால் எந்தக் கம்பியை வேண்டுமானாலும் தனியே ஏற்றலாம், இறக்கலாம். தடித்த கம்பியை மட்டும் டி-க்கு இறக்கலாம், ஓப்பன் ஜி என்ற ட்யூனிங் வைக்கலாம், பன்னிரண்டு கம்பிக் கிட்டாராக்கலாம். முறுக்காணியைத் தொடவே வேண்டாம். நான் ஆர்க்கெஸ்ட்ராவில் ரிதம் வாசித்த காலத்தில் மேடை ஏறின பிறகு பாடகர் திரும்பி "அரைக் கட்டை இறக்குங்க" என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பார். நான் ஓப்பன் கார்டையெல்லாம் விட்டுவிட்டு, பாட்டு முழுக்க ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தி பாரே பிடித்துக் கை வலிக்க வாசிப்பேன். கழுத்தில் கேப்போ கிளிப் போட்டால் சுருதியை ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாதே. உங்கள் குழுவில் அந்தப் பையனும் நீயும் மாறி மாறிப் பாடுகிறீர்கள் என்றாய். இரண்டு பேருக்கும் கட்டை வேறு. எனக்கு இது அன்றைக்குக் கிடைத்திருந்தால் வீட்டுப் பாத்திரத்தை அடகு வைத்தாவது வாங்கியிருப்பேன்.

இன்னொன்று அகூஸ்டிக். பப்பில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிஜ அகூஸ்டிக்கை மைக்கில் விட்டால் ஊளையிடும். இது கெட்டிப் பலகை என்பதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பீசோ வழியே வரும் சத்தத்தில் காந்தச் சுருள் இல்லாததால் பழைய கட்டடங்களின் லைட் டிம்மர் இரைச்சலும் ஏறாது. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்தால் மர அகூஸ்டிக்குக்கு ஈடாகாது என்பதும் உண்மைதான். குழுவோடு சேர்ந்து வாசிக்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இனி குறைகள். விற்கிறவர் இவற்றைச் சொல்ல மாட்டார். பீசோவுக்கு விரல் பட்டது, கை உரசியது எல்லாமே கேட்கும். உள்ளங்கையைப் ப்ரிட்ஜில் வைத்து அமுக்கி வாசித்தால் சில மாடல்களில் 'டிங் டிங்' என்று பிளாஸ்டிக் சத்தம் எட்டிப் பார்க்கும். சுருதியை ரொம்ப இறக்கினால் குரல் நடுங்கும். அரைக் கட்டை, ஒரு கட்டைவரை நம்பலாம். எல்லாவற்றையும்விட உன் வீட்டுக்குப் பொருந்தும் குறை ஒன்று உண்டு. ஆம்பில் இறக்கிய சுருதி வந்தாலும், கையில் இருக்கும் கம்பி பழைய சுருதியிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். மேடையில் ஆம்ப் சத்தம் அதை மூடிவிடும். உன் ஃப்ளாட்டில், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெல்லமாக வைத்து வாசித்தால் இரண்டு சுருதியும் சேர்ந்து கேட்டு எரிச்சல் மூட்டும். காதை நன்றாக மூடும் ஹெட்போன் இல்லாமல் வீட்டில் பழக முடியாது.

சரி, அந்த மொட்டைக்கு வருகிறேன். வேரியாக்ஸ் 500-இல் பேட்டரி தீர்ந்தால் சத்தம் இல்லை. உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போனாலும் சத்தம் இல்லை. பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், போர்டுக்கு எங்கே போவாய்? டவுன்ஹால் ரோட்டுக் கடையில் என் மேஜைக்கு வந்த ஆம்புகளில் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் எதுவும் உயிர் பெறாமல் திரும்பியதில்லை. அந்த டிரான்சிஸ்டர் இல்லாவிட்டால் அதற்கு ஈடான இன்னொன்று கிடைக்கும். டிஜிட்டல் கீபோர்டுகள் அப்படியில்லை. கம்பெனி தனக்கென்று செய்த சிப் ஒன்று செத்தால், அதே மாடலில் செத்துப்போன இன்னொன்றைத் தேடிப் பிடித்து அதிலிருந்து பிடுங்கி வைக்க வேண்டும். உன் ஸ்ட்ராட்டில் மொத்தமே மூன்று பிக்கப், மூன்று பாட், ஒரு ஸ்விட்ச், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக். நீ இருக்கிற லீட்ஸில் எந்தப் பையனும் சோல்டரிங் அயர்ன் வைத்துச் சரி செய்துவிடுவான்.

இந்த வகைக் கிட்டார்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் பார். ரோலண்ட் 1995-இல் விஜி-8 என்று கொண்டுவந்தது. அப்போது மூளை கிட்டாருக்கு வெளியே தனிப்பெட்டியில் இருந்தது. தனிப் பிக்கப் ஒட்டி, 13 பின் கேபிள் போட வேண்டும். லைன் 6 அந்த மூளையைக் கிட்டாருக்குள்ளேயே வைத்தது. 2007-இல் ஃபெண்டரும் ரோலண்டும் சேர்ந்து விஜி ஸ்ட்ராட்டோகாஸ்டர் விட்டார்கள், அதுவும் நிலைக்கவில்லை. கிப்சன் 2011-இல் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் மோட்டார், எஃபெக்ட் எல்லாம் உள்ளே வைத்து ஃபயர்பேர்ட் எக்ஸ் என்று ஒன்று விட்டது. விற்காமல் கிடந்த நூற்றுக்கணக்கான கிட்டார்களின் மேல் புல்டோசர் மாதிரி ஒரு வண்டியை ஏற்றி நசுக்கிய வீடியோ 2019-இல் வெளிவந்தது. என்னால் அதை முழுசாகப் பார்க்க முடியவில்லை. ஸ்ட்ராட் வந்தது 1954-இல், லெஸ் பால் 1952-இல். ஐம்பது, அறுபது வருஷம் கழித்து வருகிற கம்ப்யூட்டர் கிட்டாரும் இந்த இரண்டின் சத்தத்தைத்தான் காப்பியடிக்கிறது. கிட்டார்காரர்கள் பழைமைவாதிகள், நான் உட்பட. அதனால் இந்தக் கருவிகள் வருவதும் போவதுமாகவே இருக்கின்றன. வாங்குகிற அன்றே, "நாளைக்கு இதற்குப் பார்ட்ஸ் கிடைக்காது" என்று வைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

அப்படி வைத்துக்கொண்டால் எதை வாங்குவது? போர்டு செத்த பிறகும் கிட்டாராக மிஞ்சுவதை. லைன் 6 2010 வாக்கில் ஜேம்ஸ் டைலர் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் கிட்டார் ஆசாரியோடு சேர்ந்து ஜேடிவி வரிசையைக் கொண்டுவந்தது. அதில் பீசோவோடு நிஜமான காந்தப் பிக்கப்பும் உண்டு. யமஹா லைன் 6 கம்பெனியை வாங்கிய பிறகு 2015-இல் வந்த வேரியாக்ஸ் ஸ்டாண்டர்டிலும் உண்டு. பேட்டரி தீர்ந்தாலும் காந்தப் பிக்கப் பேசும், கச்சேரி நிற்காது. உனக்கு ஸ்ட்ராட் கழுத்து பழக்கம் என்பதால் ஜேடிவி-69 அல்லது ஸ்டாண்டர்ட் பார். 59 லெஸ் பால் வடிவம். விலை கூடத்தான். நீ காட்டியது மலிவாக இருப்பதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்.

இன்னொரு வழியையும் யோசித்துப் பார்த்தேன். டிஜிடெக் ட்ராப் என்று ஒரு சின்னப் பெடல் இருக்கிறது. உன் ஸ்ட்ராட்டையே வைத்து எல்லாக் கம்பியையும் சேர்த்து இறக்கிவிடும். பாடகர் கட்டைக்கு அது போதும். ஒரு கம்பியை மட்டும் இறக்கவோ, அகூஸ்டிக் கொடுக்கவோ அதற்குத் தெரியாது. ஆகவே நீ செய்ய வேண்டியது இது: உங்கள் பாட்டுப் பட்டியலை எடு. எந்தப் பாட்டுக்குக் கட்டை இறக்க வேண்டும், எதற்கு அகூஸ்டிக், எதற்கு வேறு ட்யூனிங் என்று பென்சிலால் குறி. வெறும் கட்டைதான் நிறைய இருந்தால் பெடலோடு நிறுத்திக்கொள், மிச்சப் பணத்துக்கு டிக்கெட் போட்டு ஊருக்கு வா. மூன்றும் கலந்து, மேடையில் நடுவே கிட்டார் மாற்ற வேண்டி வந்தால் ஜேடிவி வாங்கு. சனிக்கிழமை ராத்திரி ரயிலில் இரண்டு பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று அம்மாவுக்கும் கவலை.

காலால் ஒரு தட்டு தட்டினால் கிட்டாரும் ட்யூனிங்கும் சேர்ந்து மாறும் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பாய். அதற்கு அந்தக் கம்பெனியின் பெரிய பெடல்போர்டு வேண்டும், ஹீலிக்ஸ் போல. நெட்வொர்க் கேபிள் மாதிரி ஒன்றால் இணைப்பார்கள், கிட்டாருக்கு கரன்டும் அதிலேயே போகும். உன்னிடம் இருக்கிற எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற சின்னப் பெடலில் அந்தச் சாக்கெட் இல்லை. ஆகவே நீ கையால்தான் நாபைத் திருப்ப வேண்டும். இதற்காக ஹீலிக்ஸும் சேர்த்து வாங்கலாம் என்று ஆரம்பித்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

பார்க்கப் போகும்போது ஹெட்போனையும் ஸ்டாம்பையும் எடுத்துப் போ. மாடல் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு கம்பியையும் ஒரே பலத்தில் தட்டு. ஒன்று மட்டும் மங்கலாகவோ கரகரப்பாகவோ இருந்தால் அந்தப் பீசோ போய்விட்டது, விலை குறைத்தாலும் வாங்காதே. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காந்தப் பிக்கப் பேசுகிறதா பார். சார்ஜர் கேள், கம்ப்யூட்டரில் இணைக்கிற சின்ன யூஎஸ்பி பெட்டி கேள். அது இருந்தால் கம்ப்யூட்டரிலேயே உன் விருப்பத்துக்கு ட்யூனிங் எழுதி வைக்கலாம். பேட்டரி பழசாக இருந்தால் விலையில் கழித்துக் கேள். கழுத்து நேராக இருக்கிறதா, ஃபிரெட் தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் உனக்கே தெரியும். அதை முதலில் பார். கழுத்து சரியில்லாத கிட்டாருக்குள் எத்தனை வாத்தியம் இருந்து என்ன?

ஸ்ட்ராட்டை விற்று இதை வாங்குகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. பணம் போதாவிட்டால் சொல், பாதி நான் போடுகிறேன். அம்மாவிடம் இப்போதைக்கு வேண்டாம். 26 கணக்கையே இன்னும் அவள் மறக்கவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் ப்ரிட்ஜைக் கிட்டத்தில் வைத்து இரண்டு படம் எடுத்து அனுப்பு, ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கவாட்டில். பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, யாராவது திறந்து நோண்டியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, உங்கள் ஊர் காலை நேரத்தில் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா