பிஸ்டலைத் தினமும் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பிஸ்டல் போட்டிகளைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் பயிற்சிக் களத்தில் பலரும் படித்தோம். விதிகளும் இலக்கின் அளவுகளும் சரியாகவே இருந்தன. 25 மீட்டர் துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர்தான் என்பதைக்கூட விடாமல் சொல்லியிருந்தீர்கள். இடிப்பது கடைசிப் பத்திதான். ஒவ்வொரு நாள் பயிற்சி முடிந்ததும் பிஸ்டலை முழுசாகக் கழற்றி, பாகம் பாகமாக எண்ணெய் போட்டு வைத்தால்தான் குறி தப்பாது என்று அதில் இருக்கிறது. களத்தில் பிஸ்டல்களைப் பராமரிப்பது என் வேலை. என் மேசைக்கு வரும் .22 (0.22 அங்குலக் குண்டைச் சுடும்) பிஸ்டல்களில் சுட்டுத் தேய்ந்தவை குறைவு. கழற்றிப் பூட்டிக் கெட்டவைதான் நிறைய. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தோட்டாவில் சேரும் அழுக்கு என்ன என்று பார்க்க வேண்டும். போட்டிகளில் பயன்படும் .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டா 1887-லிருந்து இருக்கிறது. இதில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இல்லை, விளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. ரிம்ஃபயர் என்பது அதனால்தான். குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், அதன்மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். சுடும்போது எரிந்த மருந்தின் கரி, ஈயத்தூள், உருகிய மெழுகு மூன்றும் கலந்து ஒரு கறுப்புப் பிசினாகப் படிகிறது. இது குழலுக்குள் சேர்வதைவிட, முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் முகத்திலும், சுட்ட தோட்டாவின் காலி உறையான கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும், தோட்டா உட்காரும் சேம்பரின் வாயிலும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் உதட்டிலும்தான் அதிகம் சேர்கிறது. பிஸ்டல் சிக்குவதும் இந்த நாலு இடத்தில்தான். எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் ஒரு கடுகளவு கரி இறுகிவிட்டால் போதும், கொக்கி விளிம்பை முழுசாகப் பிடிக்காது, காலிக் கேஸ் வெளியே வராமல் பாதியில் நிற்கும். சுடுபவர் உடனே ஸ்பிரிங் போய்விட்டது என்பார். மரப் பல்குச்சியின் முனையால் அந்தக் கரியைக் கிளப்பிவிட்டால் ஸ்பிரிங் திரும்ப வந்துவிடும்!

இந்த நாலு இடத்தையும் துடைக்கப் பெரும்பாலான பிஸ்டல்களில் எதையும் கழற்றத் தேவையில்லை. போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, பழைய நைலான் பல்துலக்கி, பல்குச்சி, ஒரு துணித் துண்டு இருந்தால் சரி. தினப்படி வேலை அவ்வளவுதான்.

அந்தப் பத்திப்படி குழலையும் தினமும் கழற்றித் துடைப்பது எனக்கு ஒப்பவில்லை. .22 குழல் எளிதில் தேய்வதில்லை. ஈயக்குண்டும் மெழுகும் இரும்பை ஒன்றும் செய்வதில்லை. அதைத் தேய்ப்பது குழலுக்குள் விட்டுத் துடைக்கும் கிளீனிங் ராடுதான், அதுவும் வாய்ப்பக்கத்திலிருந்து விட்டு ஆட்டும்போது. குண்டு குழலை விட்டு வெளியேறும் அந்தக் கடைசி விளிம்பில் ராடு ஒரு பக்கமாக உரசிக்கொண்டே இருந்தால் விளிம்பு சமமாக இருக்காது. அப்புறம் குண்டுகள் பரவத் தொடங்கும், எந்தச் சரிப்படுத்தலும் உதவாது. இன்னொன்றும் உண்டு. குழலைப் பளபளவென்று துடைத்த பிறகு சுடும் முதல் சில தோட்டாக்கள் வழக்கமான இடத்தில் விழாது. உள்ளே மறுபடி மெழுகு ஒரே சீராகப் படிந்த பிறகுதான் குண்டுகள் மறுபடி நெருங்கி விழும். அதனால் போட்டிக்கு முந்தைய இரவு குழலைத் துடைக்க அனுபவசாலி யாரும் முன்வர மாட்டார். தோட்டாக்கள் இறங்கும் இடம் மெல்ல மெல்லப் பரவுகிறது என்று தெரிந்தால், அல்லது சேம்பரில் தோட்டா முழுசாக உட்காரவில்லை என்றால், அப்போது துடைக்கலாம். சேம்பருக்குச் சற்று முன்னால் வளையம் மாதிரி இறுகும் கரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பின்பக்கத்திலிருந்து ராடு விட வேண்டும், பின்பக்கத்துக்குப் போக பிஸ்டலைக் கழற்ற வேண்டும். கழற்றிப் பூட்டும் கதை இங்கேதான் தொடங்குகிறது. எந்த பிஸ்டல் என்பதைப் பொறுத்து அது அரை நிமிட வேலையாகவும் இருக்கலாம், அரை நாள் தலைவலியாகவும் இருக்கலாம்.

தலைவலிக்குப் பெயர்போனது ரூகர் நிறுவனத்தின் மார்க் வரிசை. 1949-ல் வந்த அதன் முதல் பிஸ்டலிலிருந்து 1982-ன் மார்க் 2, அதற்குப் பின் வந்த மார்க் 3 வரை எல்லாம் ஒரே அமைப்பு. நல்ல உறுதியான பிஸ்டல், குறியும் பிசகாது. அதனால்தான் புதிதாகச் சுடக் கற்பவர் கையில் இதை அடிக்கடி பார்க்கலாம். கழற்றுவது எளிது. கைப்பிடியின் பின்பக்கத்தில் ஒரு சிறு தாழ் இருக்கும். அதை நெம்பித் திறந்தால் மெயின்ஸ்பிரிங் இருக்கும் கூடு முழுசாகக் கீழே இறங்கி வரும். அதன் தலையில் உள்ள தடித்த பின் (இரும்பு முளை)தான் போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது. அது வந்ததும் போல்ட் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். குழலை முன்னோக்கி ஒரு தட்டுத் தட்டினால் பிடியிலிருந்து பிரியும். இரும்புச் சுத்தியலால் தட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

பூட்டும்போதுதான் வியர்க்கும். விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் ஹாமருக்குப் பின்னால் ஒரு சிறு கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். அதை எதுவும் பிடித்திருக்காது, தன் பாட்டுக்கு ஊஞ்சலாடும். மெயின்ஸ்பிரிங் கூட்டை மேலே ஏற்றி மூடும் நேரத்தில், அந்தக் கம்பியின் நுனி ஸ்பிரிங்கின் தலையில் உள்ள குழியில் போய் உட்கார வேண்டும். அதற்கு ஹாமர் விழுந்த நிலையில் இருக்க வேண்டும், பிஸ்டலைச் சரியான பக்கம் சாய்த்திருக்கவும் வேண்டும். கம்பியைக் கையால் தள்ள முடியாது, அதன் எடையால் அதுவே விழுந்தால்தான் உண்டு. நுனி குழியில் உட்காராமல் பக்கத்தில் மாட்டிக்கொண்டாலும் கூடு மூடிவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். போல்ட்டை இழுத்தால் பாதியில் நிற்கும். இங்கேதான் ஆட்கள் பொறுமை இழந்து பலத்தைக் காட்டுகிறார்கள். போல்ட் பாதியில் நின்றால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கூட்டை மறுபடி திறந்து, ஹாமரைப் பார்த்து, கம்பியைத் தொங்கவிட்டு, திரும்ப மூடுவது. இடுக்கியால் இழுத்து, கூட்டில் பல் பதித்து, பின்னை வளைத்துக் கொண்டுவந்த பிஸ்டல்களை என்னால் அடையாளம் சொல்ல முடியும். பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

மார்க் 3-ல் இன்னொரு சங்கடம். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசையை இழுத்தாலும் ஹாமர் விழாது. ஆனால் பூட்டுவதற்கு ஹாமர் விழுந்தாக வேண்டும். ஆக, வேலையின் நடுவில் ஒரு மேகசினை உள்ளே போட்டு விசையை இழுக்க வேண்டும். அது காலி மேகசின்தானா என்று பார்க்காமல் போடும் ஆளும் இருக்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே, துடைக்கும் மேசையில் தோட்டா இருக்கக் கூடாது என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நிறுவனத்துக்கும் இது புரியாமல் இல்லை. 2016-ல் வந்த மார்க் 4-ல் பின்பக்கம் ஒரு பட்டன் வைத்தார்கள். அதை அழுத்தினால் குழல் மேலே எழும்பிப் பிரிந்துவிடும், போல்ட் வழுக்கி வந்துவிடும். தொங்கும் கம்பி வைத்தியம் எதுவும் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பழையதில் ஹாமர் விழுந்திருக்க வேண்டும், புதியதில் ஹாமரை ஏற்றி, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டிருக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். ஒரே பெயர், ஒரே தோற்றம் என்று ஒன்றில் கற்றதை மற்றதில் செய்தால் வேலைக்கு ஆகாது. மார்க் 4 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 1-க்கு முன் தயாரான மார்க் 4 பிஸ்டல்களை நிறுவனமே திரும்பப் பெற்றது. சேஃப்டி பாதியில் நிற்கும்போது விசையை இழுத்தால், அப்போதோ, பிறகு சேஃப்டியைத் தள்ளும்போதோ வெடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். கைமாறி வந்த பிஸ்டலாக இருந்தால், சரிசெய்து வந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41, 1957-லேயே வந்தது. விசைக் காப்பு வளையத்தைக் கீழே இழுத்தால் குழல் கையோடு வந்துவிடும். பின்சைட்டும் (குறிபார்க்கும் பின்பக்கக் காட்டி) குழலோடு சேர்ந்தே இருப்பதால், கழற்றிப் பூட்டினாலும் குறி மாறாது. அவ்வளவு காலத்துக்கு முன்பே இப்படி யோசித்திருக்கிறார்கள். பிரௌனிங் பக் மார்க்கில் பின்சைட்டைத் தாங்கும் பட்டையை இரண்டு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும், கூடவே சின்னஞ்சிறு வாஷர்கள். அவற்றைத் தளர்த்தாமல் ஸ்லைடு வெளியே வராது. வாஷர் ஒன்று தொலைந்தாலோ, ஸ்க்ரூ இறுகாமல் விட்டாலோ, சுடச்சுட சைட் ஆடும். சுடுபவர் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டு வாரக்கணக்கில் பயிற்சி செய்வார். தேவையில்லாமல் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

போல்ட்டையும் உள்ளே பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், ரூகரில் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னை மறித்து நிற்கும் ஒரு குட்டிப் பின் உண்டு. பென்சில் கூர் அளவுதான் இருக்கும். துடைக்கும்போது எளிதில் நழுவி விழும். அது இல்லாமலும் போல்ட் பூட்டிக்கொள்ளும், பிஸ்டல் சுடவும் சுடும். சிக்கல், தோட்டா இல்லாமல் விசையை இழுக்கும்போது வருகிறது. மறிக்க ஆளில்லாததால் ஃபயரிங் பின்னின் நுனி நேராகச் சேம்பர் விளிம்பில் போய் அடிக்கும். ரிம்ஃபயரில் பின் அடிக்க வேண்டிய இடமே விளிம்புதானே. சில அடியில் அங்கே ஒரு பள்ளமும், உள்பக்கம் ஒரு பிசிறும் வரும். அப்புறம் தோட்டா உட்காருவதே கஷ்டம். வெறும் விசைப் பயிற்சி செய்பவர்கள் சுவரில் ஸ்க்ரூவுக்கு அடிக்கும் சிறிய பிளாஸ்டிக் பிளக் ஒன்றைச் சேம்பரில் வைத்துக்கொள்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். கேலி செய்ய வேண்டாம், அது வேலை செய்கிறது.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கை தாராளம். எண்ணெய் அதிகமானால் கரித்தூள் அதில் ஒட்டிக் களிம்பாகும். போல்ட் உரசும் இடங்களில் ஒரு சொட்டு, அதையும் விரலால் தேய்த்துவிட்டால் போதும். சேம்பரும் குழலும் சுடும்போது காய்ந்திருக்க வேண்டும். கரைப்பான் திரவத்தை மரக் கைப்பிடியில் படவிடாதீர்கள். கைக்கு ஏற்றபடி செதுக்கிய பிடி ஊறி வீங்கினால் பிடிமானம் மாறும், அதைச் சரிசெய்வது குழலைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம்.

இந்த எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, மேகசினை வெளியே எடுப்பது. அதற்குப் பிறகுதான் போல்ட்டை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், இழுத்த போல்ட் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிடும். மேகசினை எடுத்துவிட்டோம், பிஸ்டல் காலி என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். சேம்பரைக் கண்ணால் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்றால் சுண்டுவிரலால் தொட்டும் உறுதி செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கறுப்புப் பிசினில் இருப்பது ஈயம். துடைக்கும் மேசையில் டீ, பிஸ்கட் வைக்காதீர்கள், தூசியை வாயால் ஊதாதீர்கள். பிள்ளைகளை அந்தத் துணிகளைத் தொடவே விடக் கூடாது.

கட்டுரையில் இதையெல்லாம் எழுத இடம் இருந்திருக்காது, புரிகிறது. ஆனால் அந்தப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள்: தினமும் துடைக்கலாம், தினமும் கழற்ற வேண்டாம், கழற்றுபவர் அந்தந்த மாடலின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கூடவே நீங்கள் வெளியிட்ட படத்தையும் ஒரு தடவை பாருங்கள். அதில் ஒருவர் வாய்ப்பக்கத்திலிருந்து ராடு விட்டுக்கொண்டிருக்கிறார், உள்ளங்கை நேராகக் குழலின் முன்னால் இருக்கிறது, கைப்பிடிக்குள் மேகசின் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை மேகசினை எடுத்து மேசையில் வைத்து, போல்ட்டைப் பின்னால் நிறுத்தி எடுத்த படமாகப் பார்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் பராமரிப்புப் பணி செய்யும் வாசகி