இருட்டியதும் கமெரா அணைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடைகளுக்கும் கோயில், பள்ளிவாசல் வளவுகளுக்கும் 8, 16 என்று கண்காணிப்புக் கமெராக்கள் பூட்டப்படுகின்றன. “பகலில் நல்லாத் தெரியுது, இரவானா படம் விட்டு விட்டுப் போகுது” என்பதுதான் அடிக்கடி வரும் முறைப்பாடு. உடனே கமெராவை மாற்றுகிறார்கள். பிழை பெரும்பாலும் வயரில் இருக்கிறது.

இருட்டியதும் கமெராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். 12 வோல்ற்றில் ஓடும் ஒரு கமெரா அரை அம்பியர் வரை இழுக்கும். 0.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 30 மீற்றருக்கு இழுத்தால், போக வர 60 மீற்றர்; தடை 2 ஓம் அளவில் வரும். ஒரு கமெராவுக்கு 1 வோல்ற் குறையும், மிச்சம் 11 வோல்ற்றில் அது ஓடிவிடும். வயரை மிச்சம் பிடிக்க அதே சோடி வயரின் முனையில் 4 கமெராக்களைக் கோர்த்தால் 4 வோல்ற் போய்விடும். மிஞ்சிய 8 வோல்ற்றில் கமெரா அணையும், சுமை குறைந்ததும் எழும்பும், திரும்பவும் அணையும். விடியும் வரை இதே கதை.

இதற்கு மின்வழங்கிப் பெட்டியின் திருகைத் திருப்பி 14 வோல்ற்றுக்கு ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கமெராவுக்கு அந்த 14 வோல்ற்றும் இரவு பகலாகப் போகும். தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு கமெராவுக்கும் தனி வயர் பெட்டி வரை வர வேண்டும். 8 கமெராவுக்கு இரவில் 4 அம்பியர் தேவை. 5 அம்பியர் பெட்டி எந்நேரமும் சூட்டில் கிடக்கும், 10 அம்பியர் பெட்டியே நல்லது. வழிக்கொரு பியூஸ் உள்ளதாக வாங்கினால் ஒரு வயர் சோட் ஆனாலும் மற்ற ஏழும் ஓடும்.

வயர் வாங்கும்போது கம்பியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். தடையும் கூட, கல்லடி போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றுப் பட்ட மூட்டு சீக்கிரம் அரித்தும் போகும். வெளியில் வரும் மூட்டுகளை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் நுழையுமுன் வயர் கொஞ்சம் கீழே தொங்கி ஏறட்டும். மாரி மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நெட்வேர்க் கமெரா என்றால் ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் போகும், 100 மீற்றர் வரை. அதற்கும் முழுச் செப்புக் கேபிள்தான். புதுக் கமெராக்கள் பல ஒரே நெட்வேர்க் முகவரியோடு வருவதால், கேபிள்களை இணைக்கும் சாதாரண நெட்வேர்க் சுவிட்சில் எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகினால் ஒன்றுக்கொன்று மோதும். ஒவ்வொன்றாகச் செருகி முகவரியையும் கடவுச்சொல்லையும் மாற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கமெராவுக்குச் செக்கனுக்கு 4 மெகாபிற் வேகத்தில் 8 கமெராவும் ஓயாமல் பதிந்தால் நாளுக்கு 345 ஜிகாபைற் போகும். 2 டெராபைற் டிஸ்க் ஆறு நாளும் தாங்காது. களவு போனது ஒரு கிழமை கழித்துத் தெரிந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது.

முழுப் பணத்தையும் பகலில் கொடுக்காதீர்கள். இருட்டிய பிறகு எல்லாக் கமெராவையும் ஓடவிட்டு, ஆகத் தூரத்தில் உள்ள கமெராவின் முனையில் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 11 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை மாற்றித் தரும்படி அங்கேயே கேளுங்கள்.

கமெரா பொருத்தும் தொழிலாளர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு.