கொக்கியை நீயே பூட்டிப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

நீ குடும்பக் குழுவில் அனுப்பியிருந்த பாலிப் பயணத் திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கைந்து முறை படித்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு விடுதிக்கு வண்டி வரும், உபுத் பக்கம் வயல் வரப்புகளை ஒட்டியும் காட்டுப் பாதையிலும் இரண்டு மணி நேரம் ஏ.டி.வி. என்கிற நான்கு சக்கரக் காட்டு பைக் ஓட்டலாம், பிறகு அருவிக் குளத்தில் நீச்சல், விருப்பமுள்ளவர்கள் பாறையிலிருந்து குதிக்கலாம், அனுபவமுள்ள வழிகாட்டி கயிற்றுடன் துணை நிற்பார், மதியம் ஒரு மணிக்குத் திரும்புதல் என்று எழுதியிருக்கிறது. அரை நாள் உலாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் மழையையும் மஞ்சள் விலையையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த விஷயம். போன வருடம் ஆனைமலைப் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து இரண்டு ஏ.டி.வி. வண்டிகளை நம் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பின் அச்சு ஒரே தண்டு, செயினில் ஓடுகிறது, டிராக்டரில் இருப்பது போல டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், ஆகையால் நீ ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். அதை வளைப்பது ஹேண்டில் மட்டுமல்ல, ஓட்டுகிறவன் உடம்பும்தான். வளைவின் உள்பக்கம் சாய்ந்து எடையை மாற்ற வேண்டும், மேடு ஏறும்போது முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்கார்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி அது. நான்கு சக்கரம் இருக்கிறது, கவிழாது என்று நம்பித்தான் ஆட்கள் அதன் அடியில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் இந்த வண்டிகள் மூன்று சக்கரத்தோடுதான் வந்தன. அவை கவிழ்ந்து கவிழ்ந்து உயிர் போனதால்தான் 1988-இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள்.

பைக் ஓட்டிப் பழகியவனுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. வண்டி சாய்ந்தால் நாம் யோசிக்காமலேயே காலை ஊன்றிவிடுவோம். இதில் காலை ஊன்றினால் பின் சக்கரம் அந்தக் காலின் மேல் ஏறிவிடும். என்ன ஆனாலும் இரண்டு கால்களும் மிதிபலகையை விட்டு இறங்கக் கூடாது. ஆக்சிலேட்டர் வலது கட்டைவிரலில் இருக்கும். குழியில் வண்டி தூக்கிப் போடும்போது பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பாய், அப்போது கட்டைவிரலும் தானாக அழுந்தி வண்டி முன்னால் பாயும். புறப்படுமுன் டயரை விரலால் அழுத்திப் பார். பைக் டயருக்கு முப்பது பவுண்டு காற்று அடிக்கிறோம் என்றால் இதற்கு நான்கைந்து பவுண்டுதான் இருக்கும், அது சரியான அளவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் இடது டயரும் வலது டயரும் ஒன்றுபோல் அமுங்க வேண்டும். ஒன்று இளகி ஒன்று கெட்டியாக இருந்தால் அந்த வண்டியை வாங்காதே, வேறு வண்டி கேள். ஹெல்மெட் வாரை நீயே மாட்டு. வழிகாட்டி மாட்டிவிட்டார் என்று விட்டுவிடாமல் தாடைக்குக் கீழே விரலை விட்டு இழுத்துப் பார்த்துக்கொள்.

பேரனைப் பின்னால் உட்காரவைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு மிதிபலகை கால் எட்டாது, கால் எட்டாதவன் உடம்பைச் சாய்க்க முடியாது. அவனும் மருமகளும் அந்த இரண்டு மணி நேரம் வயல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பார்ப்பதற்கு அங்கே நிறைய இருக்கிறது. ஒரு மடையிலிருந்து பல குடும்பங்கள் முறை வைத்து நீர் பாய்ச்சும் ஏற்பாட்டுக்கு அங்கே சுபக் என்று பெயராம், ஆயிரம் வருடப் பழக்கம், 2012-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். தங்கள் சமயத்தையே பாலிக்காரர்கள் ‘ஆகம தீர்த்த’ என்றும் சொல்கிறார்கள், தண்ணீரின் சமயம் என்று பொருள். தீர்த்தம் என்ற நம் சொல்தான். இதைப் படித்தபோது உன் அப்பத்தா நினைவு வந்தது. கிணற்றில் முதல் வாளி இறைத்ததும் மூன்று சொட்டு மண்ணில் விட்டுவிட்டுத்தான் குடம் நிரப்புவாள்.

இனி அருவி. நீங்கள் போவது டிசம்பரில். அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். உபுத்தைச் சுற்றியுள்ள ஆறுகள் வடக்கே பாத்தூர் மலைப்பக்கத்திலிருந்து இறங்கி, ஆழமாக அறுத்த பள்ளத்தாக்குகளின் வழியே தெற்கே போகின்றன. நம் ஆற்றைப் போல அகலித்துப் பரவ அதற்கு இடமில்லை. ஆகவே மேலே பெய்தால் கீழே மட்டம் சட்டென்று ஏறும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், அதை நம்பக் கூடாது. தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் நிறமானால், இலையும் சுள்ளியும் சேர்ந்து வரத் தொடங்கினால், அருவியின் சத்தம் கனத்தால், ஒரு நொடியும் நிற்காமல் மேலே ஏறிவிடுங்கள். செருப்பையும் பையையும் எடுக்கப் போக வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் போனான். அந்த வீடியோவைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. உன்னிடம் சொல்லவில்லை.

அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே வெள்ளை வெளேரென்று நுரைக்கும் இடத்துக்குப் போகாதே. அந்த நுரையில் பாதி காற்று. அது ஆளைத் தாங்காது, எவ்வளவு கை வீசினாலும் உடம்பு இறங்கும். விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு திரும்பவும் அருவியை நோக்கியே இழுக்கும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே. கொக்கி மூன்று இருந்தால் மூன்றையும் நீயே பூட்டு. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார், காதுக்கு மேலே ஏறினால் அது உன் அளவு இல்லை. வழிகாட்டி பூட்டினார் என்று விட்டுவிடாதே. பேரனுடையதையும் நீயே பூட்டு, தொடைக்கு இடையே வரும் வார் இருக்கிறதா என்று பார்.

பாறையிலிருந்து குதிப்பது பற்றிப் பேரன் என்னிடம் மிக ஆசையாகச் சொன்னான். பாலியின் வடக்கே அலிங்-அலிங் என்ற இடத்தில் ஐந்து மீட்டர், பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் என்று ஆட்கள் குதிப்பதை வீடியோவில் காட்டி, அப்பா இதே மாதிரி குதிப்பார் என்றான். ஐந்து மீட்டரிலிருந்து விழுந்தாலே தண்ணீரைத் தொடும்போது மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் இருக்கும், பத்து மீட்டர் என்றால் ஐம்பது. அந்த வேகத்தில் வயிறு பட்டால் கல்லில் விழுவது போலத்தான். மழைக்காலத்தில் வெள்ளம் கல்லையும் மரத்தையும் உருட்டிவந்து போட்டுவிடும், போன வாரம் ஆழமாக இருந்த இடம் இந்த வாரம் அப்படி இருக்க வேண்டியதில்லை. நீ போய் விளிம்பில் நிற்பாய், கீழே இருந்து எல்லோரும் கைதட்டுவார்கள், பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த நேரத்தில் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி நடந்து வந்துவிடு தம்பி. பிள்ளை பார்க்கிறான் என்பதற்காகக் குதிக்காதே. விருப்பமுள்ளவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

உன்னைக் குறைசொல்லவில்லை. பட்டறைக் கிரீஸ் வாசத்தில் வளர்ந்த பிள்ளை, சொந்தச் சம்பாத்தியத்தில் பெண்டாட்டி பிள்ளையை விமானம் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறாய். சந்தைப்பேட்டையில் யார் கேட்டாலும் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் போன பொங்கலுக்கு விடுப்பு இல்லை, ஆடிக்கு விடுப்பு இல்லை, பாலிக்கு மட்டும் நான்கு நாள் கிடைத்துவிட்டது என்று அம்மா ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. நீ ஊருக்கு வந்தாலும் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவதும், தோட்டத்துக்கு வராமல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதும் எதனால் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திட்டத்தில் ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. வழிகாட்டி கயிற்றுடன் துணை நிற்பார் என்ற வரி.

1998 முழுப்பரீட்சை லீவில் மேட்டுக்காட்டுக் கிணற்றில் நடந்ததை நம் வீட்டில் ஒரே மாதிரியாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம். அப்பா கையிலிருந்து கயிறு நழுவிவிட்டது, நல்ல வேளையாகச் சித்தப்பா பக்கத்தில் இருந்தார் என்று. உன் அம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். கயிறு நழுவவில்லை தம்பி. நான் விட்டேன்.

பெரியப்பா வீட்டுப் பையன்கள் மோட்டார் ரூம் மேலிருந்து கடப்பாரை நீச்சல் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் முதுகில் எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு படியோரமாகவே கிடந்தாய். பதினைந்து நாள் ஆகியும் கேனை விடவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. கேனை அவிழ்த்துப் போட்டுவிட்டு இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டினேன். கயிறு அப்பா கையில் இருக்கிறது, குதி என்றேன். நீ குதிக்குமுன் ஒரு தடவை திரும்பி என் கையைப் பார்த்தாய். கயிறு கையில்தான் இருந்தது. நீ குதித்ததும் விரலைத் திறந்துவிட்டேன். வேறு வழியில்லை என்றால் நீந்திவிடுவான் என்று நினைத்தேன், என்னை என் அப்பா அப்படித்தான் பழக்கினார். கயிற்றின் மறுமுனை ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு இறங்கித் தண்ணீருக்குள் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன். சித்தப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தார். மஞ்சள் மண்டியில் வாங்கிவந்த பணம் அவர் பையிலேயே இருந்தது. அந்த நோட்டுகளை அன்று சாயங்காலம் வரை மோட்டார் ரூம் சுவரில் ஒட்டிக் காயவைத்தோம்.

நீ படியில் குப்புறக் கிடந்து தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தபோது நான் உன் முதுகைத் தடவியிருக்க வேண்டும். நீ எனக்குப் பிறந்தவன்தானா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அந்தப் பேச்சு உனக்கு நினைவிருக்காது என்று நீண்ட காலம் நம்பிக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் கிணற்றுக்குக் குளிக்கப் போனபோது, நீ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளித் தண்ணீரில் குளித்தாயே, அன்றைக்குத் தெரிந்தது நீ மறக்கவில்லை என்று. நீ திரும்பிப் பார்த்தபோது கயிறு என் கையில் இருந்தது அல்லவா, அதனால் அது நழுவியது என்ற கதையை நீ நம்பினாயா, இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவு வரவில்லை. நான் செய்தது பெரிய தப்பு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உனக்கு நீச்சல் தெரியுமா? சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே குளம் இருக்கிறது என்றாள் மருமகள், பேரன் வகுப்புக்குப் போகிறான் என்றாள். நீ இறங்குகிறாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தெரியும் என்றால் எனக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். தெரியாது என்றால் அதையும் எனக்கு எழுது, அந்த வழிகாட்டியிடமும் முதலிலேயே சொல்லிவிடு. கூச்சப்படாதே. குளத்தில் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்காதே. அவர் கயிறு தருகிறார் என்றால் முடிச்சை நீயே இழுத்துப் பார், மறுமுனை எதில் கட்டியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா. யார் கையில் இருக்கிறது என்பது போதாது.

பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறோம், அம்மா பக்கத்தில் இருப்பாள். அவளிடம் இந்த வாரம் நானே சொல்லிவிடுகிறேன். நீ ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், பயணம் கிளம்புமுன் எனக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா