வலி நின்றுவிட்டது என்றார்கள்

அன்புள்ள முரளி,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, ஓபியில் கூட்டம். "கொரோனா பிள்ளைகளை அவ்வளவாக வாட்டவில்லையே, உனக்கென்ன கஷ்டம்?" என்றாய்.

2020 மார்ச் 25 ஊரடங்கு வந்ததும் எங்கள் குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டு காலியாகிவிட்டது. ஒரு வாரம் நிம்மதிதான், பொய் சொல்வானேன். அப்புறம் வந்தார்கள், வந்ததெல்லாம் முற்றிப்போய்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன். முதல் நாள் ஓமத் தண்ணீர், மறுநாள் மெடிக்கலில் மாத்திரை, அதற்கடுத்த நாள் பஸ் இல்லை, ஆஸ்பத்திரியில் பாசிட்டிவ் என்று சொல்லிப் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. நாலாம் நாள் அப்பாவின் டிவிஎஸ் 50இல் அம்மா மடியில் சுருண்டு வந்தான். "நேற்று வலி நின்றுடுச்சு சார், சரியாப் போச்சுன்னு நினைச்சோம்" என்றார் அப்பா. அப்பெண்டிக்ஸ், அதாவது குடல்வால், வீங்கி வெடித்தால் கொஞ்ச நேரம் வலி குறையும், அதைத்தான் குணம் என்று நம்பியிருக்கிறார்கள். வயிற்றைத் திறந்ததும் வந்த சீழ் நாற்றத்தை என்95 மாஸ்க்கும் தடுக்கவில்லை. சின்னத் துளை போட்டு, வயிற்றில் வாயு நிரப்பிச் செய்யும் லேப்ராஸ்கோபியில் அந்த வாயுவோடு வைரஸ் பரவுமோ என்று அப்போது எல்லோருக்கும் பயம், அதனால் பெரிதாகக் கிழித்துத்தான் செய்தோம். பிபிஇ கிட்டுக்குள் வியர்த்துக் கொட்டுகிறது, கண்ணாடி முழுக்க ஆவி.

பையன்களுக்கு விதை (விரை) முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட வேண்டும் என்று நமக்குத் தெரியும். வெட்கப்பட்டு ஒரு நாள், ஊரடங்கில் பயணம் செய்ய வேண்டிய இ-பாஸுக்கு ஒரு நாள் என்று வந்த பையனுக்கு விதையை எடுத்துப்போடுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

தப்பு எங்கள் மேலும் உண்டு. "அவசரம் என்றால் மட்டும் வாருங்கள்" என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தோம். எது அவசரம் என்று அந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நாமே தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்துத்தானே சொல்கிறோம்.

ஒரு வேடிக்கை, சளியும் பேதியும் குறைந்ததாலோ என்னவோ கைக்குழந்தைகளுக்குக் குடலுக்குள் குடலே செருகிக்கொள்ளும் குடல் செருகல் குறைந்தது. வெளிநாடுகளிலும் அப்படித்தானாம்.

2021இல் ஒரு சிறுமி. காய்ச்சல், வலப்பக்கம் தொட்டால் துள்ளுகிறாள், அப்பெண்டிக்ஸ்தான் என்று ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லியாகிவிட்டது. மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரம்மாதான் "கண்ணைப் பாருங்க சார், ஏன் இவ்வளவு சிவப்பு?" என்றார். விசாரித்தால் ஒரு மாதம் முன்பு வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. எம்ஐஎஸ்-சி, கொரோனா வந்துபோன சில வாரம் கழித்துப் பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்க அழற்சி வரும் நோய். கத்தியை வைக்காமல் ஐசியூவுக்கு அனுப்பினோம், பிழைத்தாள்.

சரி, பேத்திக்கு வாங்கிய பாட்டுப் பாடும் பொம்மையில் பட்டன் பேட்டரிதானே? பிள்ளை எடுத்து விழுங்கினால் ஆபத்து, மூடி ஸ்க்ரூ போட்டதா என்று இன்றைக்கே பார்த்துவிடு.

அன்புடன்,
சேகர்